54 ஹோம் ரன்னும் ஒரு குளிசையும்

மக்களே, இன்னிக்கு பேஸ்பால் பத்தி ஒரு பதிவு. ஓடிடாதீங்க! கிரிக்கெட் தெரிஞ்சா போதும், மீதியை நான் பார்த்துக்கறேன்.

நான் குடியிருக்கறது ஸ்கார்பரோவில் ஒரு வீட்டோட பேஸ்மென்ட்ல. மேல்தளத்துல வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்துக்காரர், 1987ல இங்கே வந்தவர். அவரை அங்கிள்னும் அவர் மனைவியை அன்ரின்னும் கூப்பிடறேன். (முதல் நாள் 'ஆன்ட்டி'ன்னு திருச்சி உச்சரிப்புல சொல்லி, அவங்களே சிரிச்சுக்கிட்டே திருத்தினாங்க. ஊர் பேரையே நான் டொராண்டோன்னு எழுதறேன், அவங்க ரொறன்ரோன்னு எழுதறாங்க. அது தனிப் பதிவுக்கான மேட்டர்.) அங்கிளுக்கு புளூ ஜேஸ் அணின்னா உயிர். மேட்ச் இருக்கற நாள்ல மேலேயிருந்து தரையை ரெண்டு தட்டு தட்டுவார். நான் படிகட்டு ஏறிப் போய் சோபாவில் உட்கார்ந்துடணும். வாடகை ஒப்பந்தத்துல எழுதாத விதி இது.

2024 ஜூன் 23, ஞாயித்துக்கிழமை. தட்டு கேட்டுது, போனேன். மேட்சுக்கு முன்னாடி ஒரு செய்தி. ஒரெல்விஸ் மார்ட்டினெஸ்னு டொமினிக்கன் குடியரசுப் பையன், 22 வயசு, புளூ ஜேஸ் ரொம்ப நாளா வளர்த்துக்கிட்டிருந்த ஆள். ரெண்டு நாள் முன்னாடி, வெள்ளிக்கிழமைதான் பெரிய லீக்ல தன்னோட முதல் மேட்ச் ஆடியிருந்தார். ஒரே மேட்ச். ஊக்கமருந்து சோதனையில மாட்டினதால 80 மேட்ச் தடைன்னு செய்தி. மருந்தோட பேர் குளோமிஃபீன். பையன் ஒரு அறிக்கை விட்டிருந்தார். நானும் என் காதலியும் ரெண்டு வருஷமா குழந்தைக்கு முயற்சி பண்றோம், எங்க ஊர் கிளினிக்ல கொடுத்த மாத்திரை அது, அந்தரங்கமான விஷயம்கறதால அணிகிட்டயோ வீரர்கள் சங்கத்துகிட்டயோ சொல்லலை, அப்படின்னு.

நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். "அங்கிள், இதுவரைக்கும் கேட்டதுலயே இதான் பெஸ்ட் கதை! 22 வயசுல குழந்தை இல்லைன்னு மாத்திரையாம்!"

வழக்கமா அங்கிள் இப்படி எடுத்துக் கொடுத்தா பிடிச்சுக்குவார். அன்னிக்கு ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் குறைச்சார். அடுப்படியிலயிருந்து அன்ரி ஏதோ சொன்னாங்க. என்ன சொன்னாங்கங்கறதை பின்னாடி சொல்றேன். அதுக்கு முன்னாடி நான் ஏன் அப்படிச் சிரிச்சேன்னு சொல்லிடறேன். சும்மா சிரிக்கலை சாமி, இந்த ஊர் சரித்திரம் அப்படி.

நான் இருக்கற இதே ஸ்கார்பரோ கிளப் ஒண்ணுலதான் பென் ஜான்சன் ஓடப் பழகினார். ஜமேக்காவிலயிருந்து 1976ல வந்த குடும்பம், பையனுக்குத் திக்குவாய். 1988 சியோல் ஒலிம்பிக்ஸ் 100 மீட்டர்ல 9.79 நொடி. கார்ல் லூயிஸ் பின்னால. சியோல்ல சனிக்கிழமை மத்தியானம், இங்கே வெள்ளிக்கிழமை ராத்திரி. அங்கிள் அப்போ ஒரு ரெஸ்டாரன்ட்ல கோப்பை கழுவிக்கிட்டிருந்தார். வேலையை விட்டுட்டு மொத்த கிச்சனும் டிவிக்கு முன்னால நின்னுதாம். பிரதமர் மல்ரோனி போன்ல கூப்பிட்டு வாழ்த்தினார். மூணே நாள்ல ஸ்டானசோலால்ங்கற ஸ்டீராய்ட் சிறுநீர்ல இருந்ததுன்னு பதக்கத்தைப் பிடுங்கிட்டாங்க. அங்கிள் இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரே வசனம்தான்: "அண்டைக்கு இரவு நாங்கள் எல்லாரும் கனேடியர்தான் தம்பி. மூண்டு நாளால அவன் திரும்பவும் ஜமேக்கன்."

அடுத்த வருஷம் டொராண்டோவில் நீதிபதி டுபின் தலைமையில விசாரணை. அதுல பென் ஜான்சனே வருஷக்கணக்கா எடுத்ததை ஒத்துக்கிட்டார். அதனால அங்கிளோட வருத்தத்துல "அவன் எடுக்கலை"ங்கற பேச்சே கிடையாது. எடுத்தான். ஆனா அந்த மூணு நாள் மாற்றம் அவர் மனசைவிட்டுப் போகலை.

இப்போ பேஸ்பாலுக்கு வருவோம். அந்த ஸ்டானசோலால் பேரை ஞாபகம் வெச்சுக்கங்க, கடையில விக்கற பேர் வின்ஸ்ட்ரால்.

ராஜர் கிளெமென்ஸ். பிட்சர், அதாவது நம்ம பௌலர். 1996ல பாஸ்டன் அணிக்கு 10 வெற்றி, 13 தோல்வி. வயசு 34. ஆட்டம் முடிஞ்சதுன்னு பாஸ்டன் விட்டுடுச்சு, டொராண்டோ எடுத்துக்கிச்சு. 1997ல 21 வெற்றி, 7 தோல்வி! 1998ல 20க்கு 6, அதுலயும் சீசன் கடைசி 15 முடிவுகளும் தொடர்ச்சியா வெற்றி. ரெண்டு வருஷமும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. இந்த வயசுல எப்படின்னு கேட்டவங்களுக்கு ஊர் சொன்ன பதில், மனுஷன் பேய் மாதிரி எக்சர்சைஸ் பண்றார்ங்கறது. அங்கிள் அவர் பேர் போட்ட சட்டை வாங்கினார்.

2007 டிசம்பர் 13ல மிட்செல் அறிக்கை வந்துச்சு. முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல், லீக் கேட்டுக்கிட்டதால விசாரிச்சு எழுதினது, 409 பக்கம். அதுல பிரையன் மெக்னமீன்னு ஒருத்தர். 1998ல புளூ ஜேஸ் அணியோட உடற்பயிற்சிப் பயிற்சியாளர். அந்த வருஷம் கிளெமென்ஸுக்கு வின்ஸ்ட்ரால் ஊசி போட்டது நான்தான், ஸ்கைடோம்ல அவர் தங்கியிருந்த அபார்ட்மென்ட்ல வெச்சுன்னு சொல்லியிருந்தார். ஸ்கைடோம்னா இப்போ ரோஜர்ஸ் சென்டர்னு சொல்ற அதே மைதானம். உள்ளேயே ஹோட்டல் இருக்கு, ஜன்னலைத் திறந்தா ஆடுகளம். பென் ஜான்சனை ஊரே துரத்தின அதே மருந்து, பத்து வருஷம் கழிச்சு, அதே ஊர்ல, மைதானத்துக்குள்ளயேன்னு ஒரு குற்றச்சாட்டு!

கிளெமென்ஸ் முழுசா மறுத்தார். 2008ல அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னாடி சத்தியம் பண்ணி மறுத்தார். பொய் சொன்னார்னு வழக்குப் போட்டாங்க. மெக்னமீ பழைய ஊசியையும் பஞ்சையும் ஒரு பியர் கேன்ல போட்டு வருஷக்கணக்கா பத்திரப்படுத்தி வெச்சிருந்ததை எடுத்துக் கொடுத்தார். (நிஜமா. சினிமாவில் வெச்சா லாஜிக் இல்லைன்னு விமர்சனம் எழுதுவோம்.) 2012 ஜூன்ல ஜூரி எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் அவரை விடுவிச்சது. ஆனா ஹால் ஆஃப் ஃபேம் ஓட்டெடுப்புல பத்து வருஷம் நின்னும், 2022ல கடைசி முறையிலயும், தேவையான 75 சதவீதம் கிடைக்கலை. கோர்ட்டுல குற்றவாளி இல்லை, ஊர் மனசுல நிரபராதியும் இல்லை. அங்கிள் சட்டை அலமாரியில மேல்தட்டுல இருக்கு. போடறதும் இல்லை, தூக்கிப் போடறதும் இல்லை.

அந்தக் காலத்துல சோதனைன்னே ஒண்ணு கிடையாதுங்கறதையும் சொல்லணும். 1991லயே கமிஷனர் ஸ்டீராய்ட் கூடாதுன்னு ஒரு கடிதம் அனுப்பினார், அவ்வளவுதான். மார்க் மெக்வயர் 70 ஹோம் ரன், சமி சோசா 66 ஹோம் ரன்னு அமெரிக்காவே கூத்தாடின வருஷம் 1998. பேர் சொல்லாம ஒரு கணக்கெடுப்பு மாதிரி சோதனை வந்ததே 2003லதான். அதுல 5 சதவீதத்துக்கு மேல மாட்டினதால 2004லயிருந்து முறையான சோதனை. இப்போ முதல் தடவைக்கு 80 மேட்ச், ரெண்டாவதுக்கு 162 மேட்ச், மூணாவதுக்கு ஆயுள் தடை.

இப்போ நம்ம ஹீரோ. ஹோசே பவுட்டீஸ்டா. டொமினிக்கன் குடியரசு. 2004ல ஒரே சீசன்ல அஞ்சு அணிகளுக்குக் கைமாறின ஆள், அதாவது யாருக்கும் வேண்டாதவர். 2008 ஆகஸ்ட்ல டொராண்டோவுக்கு வந்தார், யாரும் கண்டுக்கலை. 2009 வரைக்கும் ஆறு சீசன்ல மொத்தம் 59 ஹோம் ரன். ஒரு சீசன்ல அதிகபட்சம் 16. அடுத்து 2010. அந்த ஒரே வருஷத்துல 54! புளூ ஜேஸ் அணியில அதுக்கு முன்னாடி ஜார்ஜ் பெல் 1987ல அடிச்ச 47தான் சாதனை.

நம்ம பாஷையில சொல்லணும்னா, ரஞ்சியில எட்டாவதா இறங்கற ஒருத்தர் 29 வயசுல திடீர்னு ஐபிஎல்ல ஆரஞ்சு தொப்பி வாங்கற கதை.

கேக்காம இருப்பாங்களா? அந்த ஆகஸ்ட்லயே டொராண்டோ ஸ்டார்ல ஒரு பத்தி எழுத்தாளர் கேட்டுட்டார். ஆதாரம் எதுவும் இல்லை, ஆனா நாம பார்த்த சரித்திரத்துக்கு அப்புறம் கேக்காம எப்படி இருக்கறது, இதுதான் சாரம். அணி நிர்வாகம் கொதிச்சுது. ரசிகர்கள் அந்த எழுத்தாளரைத் திட்டித் தீர்த்தாங்க. பவுட்டீஸ்டா எந்தச் சோதனையிலயும் மாட்டலை. அன்னிக்கும் இல்லை, ரிட்டயர் ஆகறவரைக்கும் இல்லை.

அப்போ 54 எங்கேயிருந்து வந்துச்சு? வீடியோவைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. 2009 முதல் பாதியில பந்து ரொம்ப கிட்ட வந்தப்புறம்தான் மட்டை கிளம்பும், எல்லாமே லேட். பயிற்சியாளர் டுவைன் மர்ஃபியும் மேனேஜர் சிட்டோ காஸ்டனும் 'முன்னாடியே ஆரம்பி, நீ நினைக்கறதைவிட இன்னும் முன்னாடி'ன்னு சொல்லிச் சொல்லி மாத்தினாங்க. இடது காலைத் தூக்கி, உடம்பு எடையைப் பின்னால தேக்கி, இடது பக்கமா இழுத்து அடிக்கற ஸ்டைல். அந்த செப்டம்பர்ல ஆரம்பிச்சு சீசன் முடியறதுக்குள்ளயே 10 ஹோம் ரன் போயிருச்சு. 2010ல அது முழு வருஷத்துக்கும் நீண்டது. 2011லயும் 43 அடிச்சு லீக்ல முதல் இடம். எனக்கு இந்த விளக்கம் போதும். ஆனா கவனிங்க, இது விளக்கம்தான், ஆதாரம் இல்லை. காலைத் தூக்கினவர் மருந்தும் எடுத்திருக்கலாமேன்னு ஒருத்தர் கேட்டா, பவுட்டீஸ்டாகிட்ட அதுக்கு என்ன பதில் இருக்கு?

அங்கிள் இந்த இடத்துல முரளியைக் கொண்டு வருவார். (எல்லா இடத்துலயும் கொண்டு வருவார், அது வேற.) 1995ல மெல்பர்ன்ல எறியறார்னு நோ-பால் கொடுத்தாங்க. முரளி 2004ல கையை வளைக்க முடியாதபடி கவசம் மாட்டிக்கிட்டு கேமரா முன்னாடி அதே பந்தைப் போட்டுக் காட்டினார். முழங்கையைக் கோணத்துல அளக்கலாம். பவுட்டீஸ்டா எதை மாட்டிக்கிட்டு ஆடிக் காட்டறது? 'மாட்டினான்'னு காட்டத்தான் சோதனைக் காகிதம் உதவும். 'எடுக்கவே இல்லை'ன்னு எழுதிக் கொடுக்க எந்த லேபாலயும் முடியாது.

எனக்கு ஒரு விஷயம் உறுத்துது. 35 வயசு கிளெமென்ஸ் தொடர்ச்சியா 15 ஜெயிச்சப்போ ஊர் சொன்னது உழைப்பு. 29 வயசு பவுட்டீஸ்டா அடிச்சப்போ ஊர் கேட்டது மருந்தா. டெக்சாஸ்காரருக்கு ஒண்ணு, டொமினிக்கன்காரருக்கு ஒண்ணான்னு சட்டுனு தோணுது. அதுல உண்மை இருக்கு, ஆனா முழு உண்மை இல்லை. 1998ல ஏமாந்த ஊருக்கு 2010ல பவுட்டீஸ்டா வட்டி கட்டினார், அதுதான் பெரும்பகுதி. டொமினிக்கன்ல பசங்களை 16 வயசுலயே டாலர்ல ஒப்பந்தம் போட்டு எடுக்கறாங்க. மாட்டினவங்க பட்டியல்லயும் அந்த ஊர் பேர் நிறைய வரும். அது மாட்டாதவங்க தலையிலயும் விழுது.

நம்ம பக்கம் மட்டும் சுத்தமா? 2019 ஏப்ரல்ல தோஹாவில் 800 மீட்டர் தங்கம் வாங்கின கோமதி மாரிமுத்து எங்க திருச்சி முடிகண்டம். அன்னிக்கு நான் போட்ட ஸ்டேட்டஸ் எண்ணிக்கை எனக்கே ஞாபகமில்லை. 2020ல நாண்ட்ரோலோன்னு நாலு வருஷத் தடை, தங்கமும் போச்சு. நான் எடுக்கவே இல்லைன்னு அவங்க சொன்னாங்க. ஆறு மாசம் நான் அதை நம்பினேன். லேப் அறிக்கையை ஒரு வரி படிக்காம நம்பினேன். முடிகண்டத்துக்குப் பதிலா வேற நாட்டுக் கிராமமா இருந்திருந்தா அரை நிமிஷம் நம்பியிருக்க மாட்டேன்.

கிறிஸ் கொலபெல்லோன்னு ஒருத்தர் இருந்தார். சின்ன லீக்ல ஏழு வருஷம் அல்லாடிட்டு மேலே வந்து, 2015ல புளூ ஜேஸுக்கு .321 சராசரி. 2016 ஏப்ரல்ல 80 மேட்ச் தடை. கிழக்கு ஜெர்மனி ஒரு காலத்துல தன் வீரர்களுக்குக் கொடுத்த டூரினபால் மருந்தோட மிச்சம் உடம்புல இருந்ததாம். எப்படி வந்ததுன்னே தெரியாதுன்னு கடைசிவரைக்கும் சொன்னார். பெரிய லீக்குக்குத் திரும்பவே இல்லை. அங்கிள் நம்பினார், நான் நம்பலை. ரெண்டு பேர்கிட்டயும் காரணம் கிடையாது.

இப்போ கொஞ்சம் சொந்தக் கதை. அதே 2024 மார்ச். முதல் செமஸ்டர்ல எனக்கு ஒரு பாடத்துல 58 மார்க். குளிர், பார்ட் டைம் வேலை, அவங்க இங்கிலீஷ் எனக்குப் புரியலை, என் இங்கிலீஷ் அவங்களுக்குப் புரியலை. ரெண்டாவது செமஸ்டர்ல உட்கார்ந்து படிச்சேன். பெரிய அசைன்மென்ட்ல 93. ரெண்டு நாள்ல மெயில், 'வந்து பேச முடியுமா'. மெஷின் எழுதினதான்னு கண்டுபிடிக்கற ஒரு மென்பொருள் என் கட்டுரையில பாதிக்கு மேல சிவப்பு அடிச்சிருந்தது. பேராசிரியர் மரியாதையாத்தான் பேசினார். "இந்த முன்னேற்றம் கொஞ்சம் வழக்கத்துக்கு மாறா இருக்கு"ன்னார். எனக்கு அதிர்ஷ்டம், ஃபைலோட பழைய வடிவங்கள் எல்லாம் இருந்தது. ராத்திரி 2 மணிக்கு எழுதி அடிச்ச வரி வரைக்கும் காட்டினேன். விட்டுட்டாங்க. ஆனா "போதுமான ஆதாரம் இல்லை"ன்னுதான் கடிதத்துல எழுதியிருந்தது. நீ எழுதினதுதான்னு எழுதலை. அந்த செமஸ்டர் முழுக்க லேப்ல உதவி ஆசிரியர் என் ஸ்க்ரீனை எட்டிப் பார்த்துட்டுத்தான் போவார். நான் பவுட்டீஸ்டாவோட பழைய வீடியோவெல்லாம் தேடிப் பிடிச்சுப் பார்க்க ஆரம்பிச்சதே அப்போதான்.

இப்படிப்பட்ட நான்தான் மூணு மாசம் கழிச்சு அந்த சோபாவில் உட்கார்ந்து, 22 வயசுப் பையனோட அறிக்கையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சது.

குளோமிஃபீன் ஸ்டீராய்ட் இல்லை. பெண்களுக்கு சினைமுட்டை வெளிவர கொடுக்கற பழைய மாத்திரை. ஆண்கள் சாப்பிட்டா, ஈஸ்ட்ரோஜன் கம்மியா இருக்குன்னு மூளை ஏமாந்து, விரைகளுக்கு இன்னும் வேலை செய்யச் சொல்லி உத்தரவு போடும். டெஸ்டோஸ்டிரோன் ஏறும். விந்தணு குறைவா இருக்கற ஆண்களுக்கு டாக்டர்கள் எழுதித் தர்றது இதனாலதான். ஸ்டீராய்ட் எடுத்து நிறுத்தினவங்க உடம்பைத் திரும்ப ஓட வைக்க எடுக்கறதும் இதனாலதான். ஒரே மாத்திரை, ரெண்டு காரணம். சிறுநீர் காரணத்தைச் சொல்லாது.

இதெல்லாம் அப்புறம் தேடிப் படிச்சது. அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சது சிரிக்க மட்டும்தான். அடுப்படியிலயிருந்து அன்ரி கையைத் துடைச்சுக்கிட்டே வந்து, டிவியில எழுத்து ஓடறதைப் படிச்சுட்டு, ரொம்ப சாதாரணமா சொன்னாங்க: "உது குளோமிட் எல்லோ. நானும் குடிச்சனான். ஆறு வருசம் ஒவ்வொரு மாசமும் குளிசை, ஊசி, ஸ்கான்."

அவங்களுக்குக் குழந்தை இல்லை. இந்த வீட்டுல ஒன்றரை வருஷமா இருக்கேன், ஏன்னு ஒரு தடவைகூட யோசிச்சதில்லை.

நான் என்ன சொல்றதுன்னு தெரியாம, "ஆனா அணிகிட்ட சொல்லியிருக்கலாமே அன்ரி, சொல்லியிருந்தா அனுமதி கேட்டிருக்கலாமே"ன்னேன். அது தப்பான வாதம் இல்லை. உடம்புக்குள்ள என்ன போகுதுங்கறதுக்கு வீரர்தான் பொறுப்புன்னு விதி இருக்கு, டாக்டர் சீட்டு வாங்கி முன்கூட்டியே அனுமதி கேட்க வழி இருக்கு, கேட்கலை. 80 மேட்ச் தடை சரின்னுதான் இன்னிக்கும் நினைக்கறேன்.

அங்கிள்தான் பதில் சொன்னார், டிவியைப் பார்த்துக்கிட்டே. "ஆரிட்டச் சொல்லுறது தம்பி? எனக்கும்தான் டெஸ்ட் எடுத்தவை. நான் என்ர அம்மாவுக்கே சொல்லேல்லை. அவ இவவைத்தான் பேசிக்கொண்டிருந்தவ, சாகும்வரைக்கும்."

அன்ரி அதுக்கு ஒண்ணும் சொல்லலை. "மேட்ச் தொடங்கப் போகுது. தேத்தண்ணி போடட்டே?"ன்னு கேட்டாங்க. போடுங்கன்னேன். அங்கிள் சத்தத்தைக் கூட்டினார்.

பி.கு: இதை எழுதி முடிச்சு அன்ரிகிட்ட படிச்சுக் காட்டினேன். எங்கட பேரைப் போடாதையும்னு சொன்னாங்க, போடலை. அப்போ மாத்திரை பேர்? "அதைப் போடும்"னாங்க.